ஏழு பக்கப் புகாரும் அரைப் பக்க மனுவும்

அன்பு மகள் கீச்சுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, இத்தனை வருடப் பழக்கம், ஆனால் இந்த முறை அதை எழுதினால் பொய்யாகிவிடும், ஏற்கெனவே ஆறு வாரமாக உன்னிடம் ஃபோனில் சொன்ன பொய்யே எனக்குச் செரிக்கவில்லை. அம்மாவுக்குத் தொண்டை கட்டவில்லை. நீ அக்கறையாக வெந்நீர் கொப்பளிக்கச் சொன்னதும் ஆவி பிடிக்கச் சொன்னதும் எல்லாவற்றுக்கும் நான் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வந்தது பக்கவாதம். பதறாதே, முதலில் இதைப் படித்துவிடு, உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது, இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து நான்கு வாரம் ஆகிறது, இதை நான் எழுதும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து மாடிவீட்டுத் தையல்காரரின் பூனையை முறைத்துக்கொண்டிருக்கிறாள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், வலது கைதான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை, பேச்சுதான் முன்போல இல்லை. இதை ஏன் ஃபோனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறேன் என்றால் என் வாயைப் பற்றி உனக்கே தெரியும், ஃபோன் என்றால் பேசிப் பேசியே கடைசியில் என்னை நல்லவனாக்கிக்கொண்டுவிடுவேன். தாளில் எழுதும்போது அது அவ்வளவு சுலபமாக நடக்காது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவின் நெஞ்சு தாளம் தப்பித் துடிப்பது உனக்குத் தெரிந்ததுதான், அதனால் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடக் கூடாது என்று காலை ஒன்று இரவு ஒன்று அந்த இளஞ்சிவப்பு மாத்திரையை மூன்று வருடமாகச் சாப்பிட்டு வந்தாள். அதற்கு முன்னால் கொடுத்த பழைய மாத்திரையில் ஈறிலிருந்து ரத்தம் வந்து தலையணை உறையெல்லாம் கறையாகி, டாக்டர் அதை நிறுத்திவிட்டுத்தான் இதைக் கொடுத்தார். எங்களைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு அரசாங்கக் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் மருந்தைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை, அட்டையை நீட்டினால் மருந்து கைக்கு வரும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்தத் திட்டத்துக்கு ஒரு மருந்துப் பட்டியல் உண்டு, அது வருடா வருடம் மாறும், எந்த மருந்து உள்ளே இருக்கிறது, எது வெளியே போனது, எதற்கு டாக்டர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பதையெல்லாம் அச்சடித்துத் தலையணை போல ஓர் உறையில் வருட முடிவில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த உறை வந்தது. வந்த அன்றைக்கே உன் அம்மா அதை என் மேசையில் வைத்து, படிச்சுப் பாருங்க, நம்ம மருந்தெல்லாம் இருக்கான்னு என்றாள். நான் அதை அலமாரிக்கு மேலே வைத்தேன். அங்கிருந்து அது இறங்கியது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான். பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் அடுத்தவர் பத்திரத்தில் ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான், இன்றைக்கும் இந்தக் கட்டடத்தில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள், கீழ்வீட்டு டிரைவரின் வாடகை ஒப்பந்தத்தில் நாலாவது பத்தியில் இருந்த வில்லங்கத்தை நான்தான் பிடித்தேன். சொந்த வீட்டு உறையைப் பிரிக்க மட்டும் எனக்கு நேரமில்லாமல் போயிற்று. போன வருடம் நீ வந்திருந்தபோது, அப்பா நான் கம்ப்யூட்டர்ல உங்க ரெண்டு பேர் மருந்தையும் அந்தப் பட்டியல்ல தேடிப் பார்த்துடட்டுமா என்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா. எங்க பேப்பரை எங்களுக்குப் படிக்கத் தெரியும் என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். நீயும் முகம் சுருங்கி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டாய். அதற்கும் சேர்த்துத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

புது வருடம் பிறந்து இரண்டாவது வாரம் வழக்கம்போல மருந்துக் கடைக்கு நாங்கள் இருவரும் போனோம். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெண், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாளே, அம்மா அவளுக்கு வைத்த பெயர் ஊஞ்சல். ஊஞ்சல் சீட்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரை இந்த வருஷப் பட்டியல்ல மாறியிருக்கு சார், பழைய மருந்தைத்தான் முதல்ல தரச் சொல்லுது, இதுதான் வேணும்னா டாக்டர் காரணம் எழுதி அனுமதி வாங்கணும் என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை, மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, இதை நான் இப்போது சத்தியமாகச் சொல்கிறேன். எனக்குத்தான் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் என்னையே பார்ப்பது போல இருந்தது, கோபம் சுர்ரென்று ஏறியது. மூணு வருஷமா தர்ற மருந்து இன்னைக்கு எப்படி இல்லாமப் போகும், முப்பத்தொரு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன்கிட்டயே சட்டம் பேசுறியா என்று கத்தினேன். அவள் நிதானமாக, சார் நான் இல்லைன்னு சொல்லலை, டாக்டர் அரைப் பக்கம் எழுதித் தந்தா போதும், அதுவரைக்கும் என்று ஏதோ சொல்ல வந்தாள். அதுவரைக்கும் நீ எனக்குப் புத்தி சொல்லத் தேவையில்லை என்று அவள் வார்த்தையை அவள் வாயிலேயே நறுக்கிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, இனிமே அந்தக் கடைக்கு எப்படிங்க முகத்தைக் காட்டுவேன் என்றாள்.

அன்றைக்கே டாக்டருக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் புகார் எழுத உட்கார்ந்தேன். திட்டத்தின் தலைமை அலுவலகத்துக்கு, மேலதிகாரி அவர்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பித்து, ஏழு பக்கம். ஒரு நாள் எழுதுவேன், மறுநாள் அடிப்பேன், வார்த்தை சரியாக விழவில்லை என்று இன்னொரு நாள் புதிதாக எழுதுவேன், கீழ்வீட்டு டிரைவருக்கு வாசித்துக் காட்டினேன், அவர் அடேயப்பா என்றார், அந்த அடேயப்பாவுக்காக இன்னும் ஒரு பக்கம் சேர்த்தேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது. அம்மா நடுவில் இரண்டு முறை கேட்டாள். ஒரு தடவை காலையில் தேநீர் வைத்துவிட்டு, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா என்னங்க என்றாள். முதல்ல என் லெட்டர் போகட்டும், அவங்களே வீடு தேடி வந்து தருவாங்க பார் என்றேன். இன்னொரு தடவை மாத்திரை தீரப் போகுதுங்க என்றாள், நான் எழுதிக்கொண்டிருந்த வரியிலிருந்து தலையைத் தூக்காமல், இருக்கிறதை வெச்சு சமாளி, நாலு நாள்ல பதில் வந்துடும் என்றேன். அவள் சமாளித்தாள். என்னிடம் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சமாளித்தாள், அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இன்றைக்கு ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி இருக்கும். அம்மா பால்கனியில் நின்று மேலே எட்டிப் பார்த்துத் தையல்காரரிடம் தன் ஜாக்கெட் கை இறுக்கமாக இருப்பதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தாள், உனக்குத் தெரியுமே, பாதி வாதம் பாதிக் கேலி. நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன். திடீரென்று அம்மா அவரைப் பார்த்து, அந்தக் கதவுக்கு உப்பு பத்தலை, செவ்வாய் பச்சையா இருக்கு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த காலத்திலிருந்தே இப்படிக் கோமாளித்தனமாக ஏதாவது சொல்லிப் பிள்ளைகளைத் திணற வைப்பவள்தானே, அதுபோல என்று நினைத்தேன். அவள் மறுபடியும் ஏதோ குளறினாள், நான் இன்னும் சத்தமாகச் சிரித்தேன். மேலேயிருந்து தையல்காரர்தான், சார் சிரிக்காதீங்க, அம்மா வாயைப் பாருங்க, வாயைப் பாருங்க என்று அலறினார். நான் வந்து பார்த்தபோது வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது, வலது கை கம்பியைப் பிடிக்கத் தேடிக்கொண்டிருந்தது, கண்ணில் மட்டும் அவ்வளவு பயம். நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் கண்ணில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு கூடவே ஏறி வந்ததும் அவர்தான். டாக்டர்கள், சீக்கிரம் கொண்டு வந்ததால் இந்த அளவோடு போச்சு என்றார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி அவர்களிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டர் வந்து, ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டாங்களா என்று கேட்டார். ஒரு வேளை கூடத் தப்பினதில்லை டாக்டர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் வீட்டுல இருக்கிற மாத்திரையைக் கொண்டு வாங்க என்றார். மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அவளுடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன். காலைக் கட்டங்களில் இளஞ்சிவப்பு இருந்தது, இரவுக் கட்டங்களில் இல்லை. அடியில் அவள் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், அதே குண்டு குண்டான டீச்சர் எழுத்து. கையில் இருப்பது 20, பயணத்துக்கு எடுத்து வைத்த பட்டையில் 14, மொத்தம் 34. இரண்டு வேளை என்றால் 17 நாள். ஒரு வேளை என்றால் 34 நாள். அதற்குக் கீழே நாள் நாளாகப் பென்சிலால் டிக். இருபத்தொன்பதாவது டிக்கோடு அது நின்றிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி, அதற்குள் அவர் லெட்டருக்குப் பதில் வந்துவிடும். கீச்சு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூட்டலும் வகுத்தலும் ஒன்றும் தப்பில்லை, என் கடிதத்தின் மேல் வைத்த நம்பிக்கைதான் தப்பு. என்னிடம் மறுபடி சொன்னால் கடைக்குப் போய் இன்னொரு முறை கத்துவேன் என்று பயந்திருக்கிறாள், அதைவிடப் பாதி மாத்திரையோடு இருப்பது மேல் என்று தோன்றியிருக்கிறது. கட்டிய மனைவியை அப்படி ஒரு கணக்குப் போட வைத்தவன் நான்.

அந்த வாரமே என் புகாருக்குப் பதிலும் வந்தது. நாலே வரி. தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, மருந்து தொடர்பான கோரிக்கைக்குத் தங்கள் மருத்துவர் மூலம் விதிவிலக்கு மனு அனுப்பவும், இப்புகார் விதிவிலக்கு மனுவாகக் கருதப்படமாட்டாது. அதற்குப் பிறகுதான் அலமாரி மேலிருந்த உறையை இறக்கிப் பிரித்தேன். அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரம் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எல்லாம் இருந்தது. பட்டியலில் எந்த மருந்தெல்லாம் மாறுகிறது என்று தனியாக ஒரு பக்கம், அதில் மூன்றாவதாக அம்மாவின் மாத்திரை. பழைய மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்டர் அதை எழுதிக் கொடுத்தால் விதிவிலக்கு உண்டு. காத்திருந்தால் நோயாளிக்கு ஆபத்து என்று டாக்டர் குறித்தால் மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும். அவர்கள் மறுத்தாலும் அதோடு முடியாது, மேல்முறையீடு செய்யலாம். எதையும் அவர்கள் மறைக்கவில்லை. பதினான்காம் பக்கத்தில், ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மருந்து பட்டியலிலிருந்து மாறினால், மனு முடிவாகும் வரை ஒரு மாதத்துக்கான மருந்தை இடைக்காலமாகக் கடையிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நம் டாக்டரிடம் ஓடினேன். அவர் முகம் கறுத்துப்போய், இதை ஏன் சார் அன்னைக்கே எங்கிட்ட சொல்லலை என்று கேட்டுவிட்டு, அம்மாவின் பழைய குறிப்பைத் தேடி எடுத்து, ஈறில் ரத்தம் வந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சரியாக அரைப் பக்கம். என் கண் முன்னாலேயே அனுப்பினார். இரண்டாவது நாள் அனுமதி வந்துவிட்டது.

மருந்து வாங்க அதே கடைக்குப் போனேன். போகாமல் வேறு கடைக்குப் போயிருக்கலாம், மனம் அப்படித்தான் இழுத்தது. வரிசையில் நின்று என் முறை வந்ததும் ஊஞ்சலிடம், அன்னைக்கு நான் பேசினதுக்கு மன்னிச்சுடும்மா என்றேன். அவள் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, டீச்சரம்மா எப்படி இருக்காங்க, ரொம்ப நாளாக் காணோமே என்று கேட்டாள். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அன்னைக்கு நான் அதைத்தான் சார் சொல்ல வந்தேன், அதுவரைக்கும் ஒரு மாச மருந்து இப்பவே தர்றேன் வாங்கிட்டுப் போங்கன்னு, டப்பாவைக்கூடக் கையில எடுத்துட்டேன் என்றாள். என்னைக் குத்திக்காட்ட அதைச் சொல்லவில்லை, தான் சரியாகத்தான் செய்தோமா என்று தனக்கே சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. நான் கூனிக்குறுகிப் போனேன். என் ஏழு பக்கத்துக்காக அவளிடம் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்ததாம், அதையும் அவள் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த பையன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அன்றைக்கே புகாரைத் திரும்பப் பெற்று, தவறு முழுவதும் என்னுடையது, அவர் முறையாகவே நடந்துகொண்டார் என்று எழுதி அனுப்பினேன். இந்த முறை ஒரே மூச்சில் எழுதினேன், பத்து வரிதான்.

உன்னிடம் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். நீ அங்கே தனியாகப் பதறுவாய், வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. எப்படி நடந்தது என்று நீ கேட்பாய் என்ற பயம்தான் மீதி. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது போன வாரம்தான், அதற்குக் காரணமும் அம்மாதான். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருகிறாள். ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக எண்ணச் சொன்னால் அம்மா தடையில்லாமல் நூறு வரை போய்விடுகிறாள், பதினேழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்து அந்தப் பெண்ணையே அசர வைத்தாள், ஆனால் தண்ணீர் வேண்டும் என்றால் ஜன்னல் என்கிறாள், என்னைப் பார்த்துப் பெட்டி என்கிறாள். சொன்னது தப்பென்று அவளுக்கே தெரிந்துவிடும், தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள், சில சமயம் சிரிக்க மாட்டாள். போன வாரம் ஒரு மாலை நான் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், உறையைப் பிரிக்காததை, பதினான்காம் பக்கத்தை, நான் சிரித்ததை. என்னை மன்னிச்சுடு என்றேன். அவள் உதடு அசைகிறது, வார்த்தை வரவில்லை. பிறகு இடது கையால் என் மேசையைக் காட்டினாள், என் கடிதத்தின் நகல் இருக்கும் கோப்பு. அவள் அதை எப்போதோ படித்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏழு பக்கம் என்றாள், தெளிவாக. அப்புறம் மூச்சு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து, நான் எங்க என்று கேட்டாள்.

அவள் தூங்கப் போன பிறகு அந்த நகலை எடுத்து விரலை வைத்து வரி வரியாகத் தேடினேன். என் பதவி இருக்கிறது, என் சேவைக் காலம் இரண்டு இடத்தில் இருக்கிறது, எனக்கு நேர்ந்த அவமானம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. மாத்திரையின் பெயர் இல்லை. நெஞ்சு தாளம் தப்பும் விஷயம் இல்லை, ஈறில் ரத்தம் வந்தது இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் துணைவியாருடன் சென்றிருந்தேன் என்று இருக்கிறது. அவ்வளவுதான் கீச்சு. மருந்து வேண்டியது யாருக்கு என்று தெரியாமலே ஏழு பக்கத்தையும் ஒருவர் படித்து முடித்துவிடலாம். மறுநாள் காலை அவளிடம், நீ அதில் இல்லை, நானே பார்த்துவிட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டை என் பக்கம் தள்ளி, ரொட்டியைத் துண்டாக்கித் தரச் சொல்லிக் காட்டினாள். தந்தேன். இப்போதைக்கு எனக்கு அதுதான் கிடைத்திருக்கிறது, அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை.

சரி, இனி உனக்குச் சொல்ல வேண்டியது. உன் ஊரிலும் ஏதோ ஒரு திட்டத்தில்தானே இருக்கிறீர்கள், மாப்பிள்ளையின் மூச்சு மருந்து இந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடு. போன வருடம் தந்தார்கள் என்பதை நம்பாதே. டாக்டர் புதிதாக ஏதாவது எழுதினால், இது திட்டத்தில் வருமா, வராவிட்டால் என்ன செய்யலாம் என்று அங்கேயே உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்திரு, கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. முன்னால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதி வை, அனுமதி கேட்கும்போது அதுதான் பேசும். கடையில் இல்லை என்று சொன்னால் அவர்கள் பேசி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு நில். இதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லைதான், தகுதி பார்த்தால் இந்த வீட்டில் யாரும் உனக்கு எதுவும் சொல்ல முடியாது. கட்டடத்தில் நாலைந்து வயதானவர்களின் உறைகளை வாங்கி வந்து அம்மாவும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். நான் மருந்தின் பெயரை வாசிக்கிறேன், அம்மா பட்டியலில் இடது விரலை ஓட்டித் தேடுகிறாள், கிடைத்தால் மேசையைத் தட்டுகிறாள், நான் வேகமாகப் போனால் முறைக்கிறாள். தையல்காரர் ஜாக்கெட் கையைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மாட்டேன் என்கிறார், அம்மா அவரை எதிர்த்து வாதாட வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறாள், கிடைக்கும்.

நீ என்மேல் கோபப்பட வேண்டும், படு, அடக்கி வைக்காதே. வர வேண்டும் என்று தோன்றினால் வா, வேண்டாம் என்று இந்த முறை சொல்ல மாட்டேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன், சின்னவளுக்கு எங்கள் இருவரின் முத்தம். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்யும்போது என்னைக் கேட்காதே, அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல், கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் இருந்தால் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. நீயாக ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம், அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் அங்கேதான் இருப்பாள், உன் பெயரைத் தேடிக்கொண்டிருப்பாள். கொஞ்சம் காத்திரு.

இப்படிக்கு,
உன் அப்பா